பேரரசரின் கலையாத முடி

எனக்கு ரோமானியக் காசுகளை அறிமுகப்படுத்தியது ஒரு கப்பல் இன்ஜினியரின் கடைவாய்ப் பல்.

எழுபதுகளின் தொடக்கத்தில், புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் நான் பல் கிளினிக் வைத்திருந்தேன். மாமனார் வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்த அந்த இன்ஜினியர், வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு படியேறி வந்தார். பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றிக் கொடுத்தேன். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, இத்தாலியில் ஒரு துறைமுகத் தெருவில் வாங்கியதாகச் சொல்லி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு செப்புக் காசை என் உள்ளங்கையில் வைத்தார். "சின்னச் சின்னதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்யறவங்க நீங்க. இது உங்ககிட்ட இருந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு," என்றார்.

அன்று மாலை கடைசி நோயாளி போனபின், வாய்க்குள் அடிக்கும் பெரிய விளக்கை அந்தக் காசின் மேல் இறக்கினேன். மூக்கு நீண்ட ஒரு மனிதன். தலையில் ஏதோ கிரீடம். யாரென்று தெரியாத ஒருவனின் முகம் அத்தனை நூற்றாண்டுகள் தாண்டி என் நாற்காலிக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதற்குப் பிறகு விடவில்லை. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் ஜூனா பஜாரில் பழைய பூட்டு, பித்தளைக் குழாய், உடைந்த கடிகாரம் எல்லாவற்றுக்கும் நடுவே குந்தியிருந்து தேட ஆரம்பித்தேன். பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஆனால் தேடுவதே பிடித்திருந்தது.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா கண்டோன்மென்ட் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியராக இருந்தார். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேதான். வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், வாசல்படி இறங்கினால் மராத்தி, கிளினிக்கில் வருகிறவர்களுக்கு ஏற்றபடி. என் கணவரும் அந்தப் பக்கத்து மனிதர்தான். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. காசு சேகரிக்கும் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு ஓய்வுபெற்ற கர்னல் வீட்டில் கூடுகிறார்கள் என்று அலுவலகத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னதும் அவர்தான். சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்.

கர்னல் வீடு வானவடியில், கொய்யா மரங்களுக்கு உள்ளே ஒடுங்கிய பழைய பங்களா. உள்ளே ஆண்கள்தான். பால்கோவா சேர்த்துச் செய்யும் மாவா கேக்குக்குப் பேர்போன பேக்கரி வைத்திருந்த ஒரு பார்சிக்காரர் எழுந்துவந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "எந்தக் காலத்துக் காசு சேர்க்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கணவர் பின்னால் நின்ற என்னைக் காட்டி, "சேர்க்கிறது இவங்க. நான் டிரைவர்," என்றார்.

கர்னல்தான் நாற்காலி ஒன்றை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "வாங்க டாக்டரம்மா, இப்படி வெளிச்சத்துல உக்காருங்க," என்றார். தமிழில்! கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ். அந்த நாற்காலி அன்றிலிருந்து எனக்குரியதாயிற்று. கூட்டத்தில் ஒரே பெண் நான். தேநீர் வந்தபோது ஊற்றிக் கொடுக்க எழுந்திருக்கப் பார்த்தேன், அவரே ஊற்றினார். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வருடங்களில் ஆண்கள் நிறைந்த ஓர் அறையில் என்னை அப்படி உட்காரவைத்தவர்கள் அதிகமில்லை.

கர்னலின் சேகரிப்பில் எல்லாவற்றுக்கும் தலையாயது ஒரு பெரிய வெண்கலக் காசு. பழைய வெள்ளி ரூபாயைவிட அகலம், நல்ல கனம். பச்சையும் பழுப்புமாகக் களிம்பு ஏறி, பார்க்க அத்தனை அழகு. ஒரு பக்கம் பேரரசரின் தலை. நெற்றியிலிருந்து பிடரி வரை ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக எண்ணலாம்போலத் தெரியும். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு தேவதை. ஐ.நா. அமைதிப் படையில் எகிப்துப் பக்கம் இருந்த காலத்தில், மனைவியும் அங்கே வந்திருந்தபோது, கெய்ரோவில் ஒரு கடையில் இருவருமாகப் போய் வாங்கியது. தேர்ந்தெடுத்தது அந்த அம்மாள். நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பிப்பதற்குச் சில வருடங்கள் முன்பே அவர் இறந்துவிட்டார். கர்னல் அந்தக் காசை மனைவியின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருந்தார். எங்கள் கைக்குக் கொடுக்கும்போதெல்லாம், "எங்கூட்டுக்காரி எடுத்ததுங்க," என்பார். எத்தனை தடவை கேட்டிருந்தாலும் நாங்கள் அதைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வோம்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் குழுவுக்கு ஒரு கண்காட்சி வைக்கும் யோசனை வந்தது. குழுவில் இருந்த ஒரு மராத்திக்காரர் கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர்; தம் கல்லூரிக் கூடத்தை வாங்கித்தருவதாகச் சொன்னார். நடு மேசையில் கர்னலின் பேரரசர், அதன் கீழே அவர் மனைவியின் நினைவாக என்று ஓர் அட்டை. இதில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், அவர்கள் தொட்டுப் பார்க்க நகல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் விரிவுரையாளர்.

"நகல் நான் எடுத்துத் தாரேன்," என்றேன். பல்செட்டுக்கு அச்சு எடுப்பதும் ப்ளாஸ்டர் ஊற்றுவதும் எங்களுக்கு அன்றாட வேலை. கர்னல் கண்ணாடிக் கூட்டோடு காசை என் கையில் கொடுத்தார். வீட்டைவிட்டு அது வெளியே போவது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அடுத்த நாள் பிற்பகல், இரண்டு நோயாளிகளுக்கு இடையே கிடைத்த நேரத்தில் அச்சை எடுத்தேன். ரப்பர்போல இறுகும் பசையில் காசை அழுத்தி, எடுத்து, அந்தக் குழிக்குள் ப்ளாஸ்டரை ஊற்றிவைத்தேன். காய்ந்ததும் உரித்து விளக்கடியில் வைத்தேன். வெள்ளை வெளேரென்று பேரரசர் கிடந்தார்.

எதுவோ சரியாக இல்லை.

முதலில் என் வேலையில்தான் பிசகு என்று நினைத்தேன். ப்ளாஸ்டரில் காற்றுக் குமிழி இருந்தால் உருவம் கெடும். இன்னொன்று ஊற்றினேன். அதுவும் அப்படியே. விளக்கைத் தலைக்கு மேலிருந்து பக்கவாட்டுக்குத் திருப்பினேன். அப்போது தெரிந்தது. ஒவ்வொரு முடிச்சுருளின் ஓரத்திலும், ஏர் ஓட்டிய சாலில் மண் இருபுறமும் ஒதுங்கி நிற்பதுபோல, மெல்லிய ஒரு வரப்பு நின்றது. சுருளுக்குச் சுருள் பள்ளத்தின் அகலம் ஒன்றேபோல் இருந்தது. அடிப்பாகம் உருண்டையாக இருந்தது. அந்தப் பள்ளத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சொத்தையைக் குடைய நாங்கள் போடும் உருண்டை முனை பல்லில் விடும் தடம் அதுதான். நாள் முழுக்க நான் பார்க்கும் தடம்.

காசை அச்சில் வைத்து அடிக்கும்போது உலோகம் நசுங்கிப் பிதுங்கி, அச்சின் குழிகளுக்குள் ஏறி உருவமாகும். எங்கேயும் எதையும் சுரண்டி எடுப்பதில்லை. இங்கே முடியில் உலோகத்தைக் குடைந்து எடுத்திருந்தார்கள். கையில் பிடித்துப் பார்த்தபோது பச்சையும் பழுப்பும் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டன. ப்ளாஸ்டருக்கு நிறம் கிடையாது. வடிவம் மட்டும்தான் மிச்சம்.

பிறகு கன்னத்தைப் பார்த்தேன். வழவழவென்று தேய்ந்திருந்தது. கன்னமும் காதுக்கு மேலே இருக்கும் முடியும் ஏறத்தாழ ஒரே உயரம். கைமாறிக் கைமாறிக் கன்னம் தேய்ந்த காலத்தில் பக்கத்திலிருக்கும் முடி மட்டும் எப்படிக் கூர்மையாகத் தப்பித்தது? அறுபது வயது வாய்க்குள் எல்லாப் பல்லும் மழுங்கியிருக்க, ஒன்று மட்டும் முனை மழுங்காமல் நின்றால் அது பிறகு வைத்த பல் என்று சொல்ல எனக்குப் படிப்பே வேண்டாம். எழுத்துகளைச் சுற்றியும் அகழி வெட்டினதுபோல் தரை தாழ்ந்திருந்தது. அந்தத் தரையில் இழை இழையாக ஒரே பக்கம் போகும் கீறல்கள். எழுத்து மேடாகத் தெரிய வேண்டுமென்று சுற்றியுள்ள தரையைச் சுரண்டியிருக்கிறார்கள். ஓரத்தில் இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அவை மங்கலாக, மெத்தென்று, விளிம்பை நோக்கி இழுபட்டு இருந்தன. அவைதான் நிஜம்.

காசு போலி இல்லை. நிஜமான, தேய்ந்துபோன ஒரு பழைய காசை யாரோ நம் காலத்து ஆள், அதிகம் பேர் ஆசைப்பட வேண்டும் என்று மறுபடி செதுக்கியிருக்கிறார். பழைய சேகரிப்பாளர்கள் இதை 'டூலிங்' என்பார்கள் என்று விரிவுரையாளர் ஒருமுறை சொல்லியிருந்தார். சொல்லாகக் கேட்டிருந்தேன். கண்ணால் பார்ப்பது அன்றுதான்.

அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். ஒரு துணியை எடுத்து ப்ளாஸ்டரை மூடினேன்.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை ஊத்திப் பாத்துட்டேன் அத்தான்."

"அந்த அம்மா ஞாபகமா வச்சிருக்காருல்லா அதை."

"அதான். சொல்லாம விட்டிரலாமான்னு இருக்கு. கண்காட்சி முடிஞ்சா அது பாட்டுக்கு கூட்டுக்குள்ள போயிரும்."

"அங்க வெளியூர்லேர்ந்து விவரம் தெரிஞ்சவங்க வருவாங்கல்லா. நாலு பேர் நடுவுல எவனாவது சொல்லி அவருக்குத் தெரியணுமா? நீ பாத்ததை நீயே போய்ச் சொல்லு. நான் கொண்டு விடுதேன்."

மறுநாள் மாலை கொண்டு விட்டார். தான் உள்ளே வரவில்லை; கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டார். கர்னல் கொய்யா மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நகல் நன்றாக வந்திருக்கிறதா என்று ஆவலாகக் கேட்டார். வராந்தா மேசையில் ப்ளாஸ்டரையும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்ததைச் சொன்னேன். பதமாகத்தான் சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் நோயாளியிடம் பேசுவதுபோல வந்துவிட்டது: இங்கே குடைந்திருக்கிறது, இங்கே சுரண்டியிருக்கிறது, இதைச் செய்து ரொம்ப நாள் ஆகியிருக்காது.

அவர் ப்ளாஸ்டரைத் தொடவில்லை.

"உங்க மாவுல ஏதாச்சும் கோளாறு இருக்குமுங்க," என்றார்.

"ரெண்டு தடவை எடுத்தேன் சார்."

"எங்கூட்டுக்காரி எடுத்த காசுங்க இது." குரல் உயரவே இல்லை. காசைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லி, ப்ளாஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இல்லை. கர்னலுக்கு உடம்பு சரியில்லை என்று பேக்கரிக்காரர் சொன்னார். கண்காட்சி தள்ளிப்போயிற்று. என்ன நடந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை; அவரும் சொல்லவில்லை என்பது தெரிந்தது. ஞாயிறு காலைகளில் ஆராதனை முடிந்து நேரே வீட்டுக்கு வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரியானதைச் செய்துவிட்டோம் என்பது அந்த நாட்களில் எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை.

மழைக்காலம் வந்துவிட்டது. கீழே தையல் கடை வாசலில் குடைகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், மழைக்கோட்டு நனைந்து வழிய, ஒரு கன்னம் பந்துபோல் வீங்கி, கர்னல் என் கிளினிக் வாசலில் நின்றார்.

ராணுவ மருத்துவமனையில் அவருக்கு இலவசமாகப் பல் பார்ப்பார்கள். அது அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவ்வளவு மழையில் அவர் இவ்வளவு தூரம் வந்து என் படிகளை ஏறியிருந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

"வாயைத் திறங்க சார்."

அத்தனை வாரங்களுக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

கீழ்க் கடைவாயில் வேர்வரை சீழ் வைத்திருந்தது. காப்பாற்ற வழியில்லை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பல் கொஞ்சம் முரண்டுபிடித்துத்தான் வந்தது. அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார். குழியில் பஞ்சை வைத்து, "கடிச்சுப் பிடிங்க. அரை மணி நேரம் பேசக் கூடாது," என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். காசை எடுத்து, என் கருவிகள் இருந்த தட்டில், இடுக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். விளக்கை நோக்கி விரலை நீட்டினார்.

நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தேன். மேசை இழுப்பறையிலிருந்து ப்ளாஸ்டரைக் கொண்டுவந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, விளக்கைச் சாய்த்தேன். இந்தத் தடவை நான் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. "கன்னத்தைப் பாருங்க. இப்ப காதுக்கு மேல பாருங்க," என்று மட்டும் சொன்னேன். பிறகு ஒரு பழைய பல்லை எடுத்து, உருண்டை முனையால் அதில் ஒரு கோடு குடைந்து, காசுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பொறியியல் படைப்பிரிவில் இருந்தவர், உலோகம் தெரிந்தவர். பல்லைப் பார்த்தார். காசைப் பார்த்தார். ப்ளாஸ்டரை எடுத்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

திடீரென்று அவர் தோள் குலுங்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். நான் பயந்துபோய் வலிக்கிறதா என்று குனிந்தேன். வலி இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பஞ்சை எடுக்காதீங்க சார்!"

எடுத்துவிட்டார். "இருங்க டாக்டரம்மா. இதைச் சொல்லாம முடியாதுங்க." மரத்த நாக்கு குழறியது. "அந்தக் கெய்ரோக் கடையில தட்டு நிறையக் காசு பரப்பிக் கிடந்துச்சுங்க. எங்கூட்டுக்காரி இதை எடுத்துப் பார்த்துப்போட்டு என்ன சொன்னா தெரியுங்களா? 'ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின ஆளுங்கறீங்க, இவன் தலை இப்பத்தான் சீவிப்போட்டு வந்தாப்பல இருக்குது, ஒரு முடி கலையலை பாருங்க'ன்னா. எனக்கு இவனைத்தான் புடிச்சிருக்குதுன்னு வாங்கிட்டா."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"அவ அன்னைக்கே பார்த்துப்போட்டாளுங்க. நாந்தான் காதுலயே போட்டுக்கலை," என்று சொல்லி மறுபடி சிரித்தார். வாயில் இரத்தம் கசிந்தது. புதுப் பஞ்சு வைத்துக் கோபமாகத் தாடையை அழுத்தி மூடினேன். அவர் என் கையை விலக்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அடியில இருக்கறது நெசமான காசுதானுங்களே?"

"நிஜமான காசு சார். அந்தக் காலத்துக் காசுதான். ஓரத்துல இந்த எழுத்துங்களைப் பாருங்க, அதுல யாரும் கை வைக்கலை."

"போதுமுங்க," என்று வாயை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே, "அன்னைக்கு உங்களை ஒரு வாய் டீகூடக் குடிக்க வைக்காம அனுப்பிப்போட்டேன். மனசுல வச்சுக்காதீங்க," என்றார். கேட்டாரே, நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படியிறங்கிவிட்டார். படிப்படியாக அவர் பூட்ஸ் சத்தம் கீழே போய் மழையோடு கலக்கும்வரை கதவருகிலேயே நின்றேன். ஆண்டவரே உமக்கு நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். காத்திருப்பு அறையில் இருந்த பெண்மணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கண்காட்சி மழை விட்டபின் நடந்தது. நடு மேசையில் பேரரசர்தான் இருந்தார். வேறு காசை வைக்கக் கர்னல் சம்மதிக்கவில்லை. குறையை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று விரிவுரையாளர் எவ்வளவோ சொல்லிப்பார்த்தும், கர்னலே அட்டையை ஆங்கிலத்தில் எழுதி மராத்தியிலும் எழுதச் செய்து வைத்தார். காசு உண்மையானது, முடியும் எழுத்தும் பிற்காலத்தில் செதுக்கப்பட்டவை, கண்டுபிடித்தவர் நம் குழுவின் டாக்டரம்மா. மனைவியின் நினைவாக என்ற வரியும் அதன் கீழே அப்படியே இருந்தது. பக்கத்தில் என் ப்ளாஸ்டர், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, சாய்த்து வைத்த மேசை விளக்கு. கூட்டம் மற்ற மேசைகளைத் தாண்டி அங்கேதான் நின்றது. பிள்ளைகள் குடைந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள். யார் வந்து கேட்டாலும் கர்னல், "டாக்டரைக் கேளுங்கள், எனக்குப் பாதிதான் தெரியும்," என்று என்னிடம் அனுப்பினார். தம் வீட்டிலேயே மிக அருமையான பொருளின் குறையை ஊர் பார்க்க வைத்து, அதன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் போட்டுக் கொடுத்தார். அதைச் செய்ய அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

அதற்குப் பிறகு இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. எல்லோருக்கும் எல்லாக் காசின்மேலும் சந்தேகம். பேக்கரிக்காரர் தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கே வந்துவிட்டார். அவர் காசுகளில் சிலவற்றில் களிம்பே பூசியதாக இருந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சு பட்டதும் பச்சை பஞ்சோடு வந்துவிட்டது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு மாவா கேக் டப்பா வந்தது. கூடவே, "மிச்சம் இருக்கிற பேரரசர்களோடு இனி நிம்மதியாக இருப்பேன்," என்று சொல்லியனுப்பியிருந்தார்.

ஆனால் விரிவுரையாளருக்கு நடந்ததுதான் எனக்குக் கவலை தந்தது. அவரிடம் இருந்த ரோமானியக் காசு ஒன்றே ஒன்று. சின்ன வெள்ளிக் காசு. தமிழ்நாட்டில், கொங்குப் பக்கத்தில் எங்கோ மண்ணில் கிடைத்ததென்று சொல்லி யாரோ அவர் அப்பாவுக்குக் கொடுத்தது. அதில் பேரரசரின் கன்னத்தில் குறுக்கே உளியால் போட்ட ஆழமான ஒரு வெட்டு. கண்காட்சிக்கு வந்த பம்பாய்ச் சேகரிப்பாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுவும் யாரோ கைவைத்ததுதான், குப்பை," என்று சொல்லிவிட்டுப் போனார். விரிவுரையாளர் முகம் செத்துவிட்டது. அடுத்த ஞாயிறு அந்தக் காசைக் காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டி, "டாக்டர், நீங்களே சொல்லிவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன்," என்றார்.

கர்னல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொய்யா மரங்களுக்கு இடையே விழுந்த வெளிச்சத்தில் காசைச் சாய்த்து உருப்பெருக்கியை வைத்தேன். வெட்டின் உள்ளே பார்த்தேன். காசின் மேல்பரப்பில் எப்படிக் கருமை ஏறியிருந்ததோ, அதே கருமை வெட்டின் அடிமட்டம்வரை ஏறியிருந்தது. வெட்டின் உதடுகள் கூர்மையாக இல்லை. கன்னமும் மூக்கும் தேய்ந்ததுபோல அவையும் தேய்ந்து மழுங்கியிருந்தன. சுற்றிலும் வேறு எங்கும் கருவி பட்ட தடமே இல்லை. முகத்தை அழகுபடுத்த யாரும் முயலவில்லை. ஒரே ஒரு வெட்டு, ஒரே வீச்சில். அதற்குப் பிறகும் அந்தக் காசு பல கைகளில் புழங்கியிருக்கிறது.

கர்னலிடம் உருப்பெருக்கியைக் கொடுத்தேன். அவரும் பார்த்தார்.

"நம்மூர்ல கெடச்ச காசுகள்ல இப்படி வெட்டு இருக்கறதை நான் பார்த்திருக்கறனுங்க," என்றார் மெதுவாக. "உள்ளயும் வெள்ளிதானான்னு பார்க்க வெட்டினானோ, அந்நிய ராசா மூஞ்சி எதுக்குன்னு வெட்டினானோ. ஆனா வெட்டினவன் அந்தக் காலத்து ஆளுங்க."

விரிவுரையாளருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மராத்தியில் சொன்னேன்: வெட்டு பழசு, அதுவும் வரலாறுதான், இந்தக் காசில் நம் காலத்துக் கை எதுவும் படவில்லை, அப்பாவுக்குக் கிடைத்தது முழுக்க நிஜமான காசு.

"காய் சாங்கதா!" என்றார், என்ன சொல்கிறீர்கள் என்று. நம்பாமல் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுக் காசை வெறும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அப்பாவிடம் இப்போதே காட்ட வேண்டும் என்று தேநீருக்குக்கூட நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இது பொய் என்று சொல்லத் தெரிந்துகொண்டது என் கண்ணுக்குக் கிடைத்த வரம் என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அந்தக் காலை அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு பொருளைச் சந்தேகப்பட்டுப் பார்த்து, பார்த்த பின்பு "இது நல்லது, நம்பலாம்" என்று ஒருவரிடம் சொல்ல முடிவதும் அதே கண்ணால்தான் வருகிறது என்று அன்று தெரிந்தது. அந்த வருடங்களில் என்னைச் சுற்றி இருந்த மனிதர்களுக்கு நான் கடன்பட்டவள். ஓர் ஆங்கிலக் கனவான்போல என் கணவரிடம் கைகுலுக்கிவிட்டு, பிற்பாடு என்னிடமே பெட்டியை நீட்டிய பேக்கரிக்காரர். கெட்ட செய்தி கேட்கத் துணிந்து வந்த விரிவுரையாளர். கேட்டுக்கு வெளியே எத்தனையோ ஞாயிறுகள் காத்து நின்ற என் கணவர். எல்லோருக்கும் மேலாக, வலியோடு மழையில் படியேறி வந்த அந்தக் கர்னல்.

எண்பதுகளின் நடுவில் அவர் மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். கூட்டம் பேக்கரியின் பின்னறைக்கு மாறியது. ரொட்டி வேகும் மணத்துக்கு நடுவே, மாவு படிந்த மேசையில் காசுகளைப் பரப்பினோம். கூட்டத்தில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி வங்கியில் வேலை பார்த்தாள். இன்னொருத்தி மருந்துக் கடை வைத்திருந்தாள். முதல்நாள் இருவரும் கதவருகே தயங்கி நின்றபோது, வெளிச்சம் விழும் பக்கமாக இரண்டு நாற்காலிகளை நான் இழுத்துப் போட்டேன். மருந்துக் கடைக்காரி கைப்பையிலிருந்து ஒரு வெண்கலக் காசை எடுத்து, "இதை உங்ககிட்டக் காட்டவே பயமாயிருக்கு," என்றாள். வாங்கிப் பார்த்தேன். தேய்ந்து, மூக்கு மழுங்கி, எழுத்து பாதி அழிந்து, யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத காசு. யாரும் கை வைக்காத காசு.

"ரொம்ப நல்ல காசு," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நாற்காலியை மேசைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.